வட்டக்கச்சியில் புளியமரத்தடியில் நிற்கும் ஒஸ்ரின் ஏ-40: பொனற்றுக்குள் இருக்கும் கம்பி வளையம் எதற்கு?

வட்டக்கச்சியான்

எல்லோருக்கும் வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில், எங்கள் வளவில் புளியமரத்துக்குக் கீழே ஓர் ஒஸ்ரின் ஏ-40 சொமர்செற் நிற்கிறது, அப்பப்பாவின் கார். ரயர் இல்லை, சீற் இல்லை, கண்ணாடிகளில் முன் கண்ணாடி மட்டும் வெடிப்போடு மிச்சம். 2008 கடைசியில் சண்டையால் விசுவமடுப் பக்கம் இடம்பெயர்ந்தபோது இதைக் கொண்டுபோக வழியில்லாமல் கிடுகால் மூடிவிட்டுப் போனோம். 2010 இல் திரும்பி வந்தபோது கூடு மட்டும் நின்றது. வீட்டுக்கே கூரை இல்லை, தறப்பாளுக்குள் இருந்துகொண்டு யார் காரைப் பற்றிக் கதைப்பார்கள்? அப்படியே விட்டுவிட்டோம். இப்போது பழைய இரும்பு எடுக்கிறவர்கள் மாதத்துக்கு ஒருமுறை படலையடியில் வந்து விலை சொல்கிறார்கள், அம்மா ஒவ்வொரு முறையும் "அது விற்கிறதுக்கில்லை" என்று அனுப்பிவிடுகிறார். இதைத் திருத்தி ஓடவைக்க வேண்டும் என்று நான் முடிவெடுத்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த கதை கொஞ்சம்தான். எழுபதுகளில் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வரவிடாமல் நிறுத்தியிருந்த காலத்தில் செத்தல் மிளகாய்க்கு நல்ல விலை இருந்தது, அந்தக் காசில்தான் அப்பப்பா யாழ்ப்பாணத்தில் ஒரு வாத்தியாரிடம் இதை வாங்கினாராம். சொமர்செற் 1952 இலிருந்து 1954 வரை மட்டும் செய்த கார், ஆகவே வாங்கும்போதே அதற்கு இருபது வயதாகியிருக்கும். 1977 இல் இறக்குமதியைத் திறந்துவிட மிளகாய் விலை விழுந்தது, தோட்டம் நட்டத்தில் போனது, கார் ஹயருக்கு ஓடத் தொடங்கியது. தொண்ணூறுகளில் சண்டைக் காலத்தில் அரசாங்கம் வன்னிக்குப் பெற்றோல் வரவிடாமல் தடை போட்ட பிறகு மண்ணெண்ணெயில் ஓடியது.

நான் 1994 இல் பிறந்தவன். பின் சீற்றில் முழங்காலில் நின்று, பின்னால் எழும்பும் வெள்ளைப் புகையைப் பார்த்துக்கொண்டு போனது நினைவிருக்கிறது. சட்டையில் ஒட்டிக்கொண்டு மறுநாள் பள்ளிக்கூடத்திலும் மணக்கும் மண்ணெண்ணெய் வாசமும் நினைவிருக்கிறது. அப்பப்பாவும் இல்லை, அப்பாவும் இல்லை, கேட்க வீட்டில் ஆளில்லை.

இரண்டு விசயம் தெரிய வேண்டும். பொனற்றைத் திறந்தால் முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள தகட்டில், கட்டுக்கம்பியால் முறுக்கிய ஒரு வளையம் இருக்கிறது, ஒரு போத்தல் நுழையக்கூடிய அளவு. அதற்குக் கீழே பித்தளையில் சின்னதாக ஒரு ரப். இரண்டும் காரோடு வந்த சாமான் மாதிரித் தெரியவில்லை. எதற்கு இவை? மற்றது, இத்தனை வருசம் மண்ணெண்ணெய் குடித்த எஞ்சின் இனி உயிர் பெறுமா? அந்த நாளில் இப்படியான கார்களில் ஏறித்திரிந்தவர்கள் இருந்தால் உங்கள் கதையையும் எழுதுங்கள், எனக்கு எல்லாம் வேண்டும்.

மல்லாவிக் கராஜ்

தம்பி, அந்த வளையம் சேலைன் போத்தல் கொழுவுகிறதுக்கு. நான் முதலில் கிளிநொச்சியிலும், 1996 இல் ஊரே இடம்பெயர்ந்த பிறகு மல்லாவியிலும் கராஜில் வேலை செய்தவன், அப்படி வளையம் என் கையாலேயே எத்தனையோ வாகனத்துக்குக் கட்டியிருக்கிறேன். போத்தலில் இருப்பது பெற்றோல், அதுவும் கால் போத்தல் இருந்தாலே பெரிய விசயம். பித்தளை ரப்புக்கு இரண்டு பக்கமும் வழி இருக்கும், ஒரு பக்கம் திருப்பினால் போத்தலில் இருந்து பெற்றோல் இறங்கும், மற்றப் பக்கம் திருப்பினால் ராங்கில் இருந்து மண்ணெண்ணெய் வரும். வடிவாகப் பார், ரப்பில் இருந்து கார்பரேற்றர் பக்கம் போகும் குழாயின் மிச்சமும் இருக்க வேண்டும்.

ஏன் இரண்டும் வேண்டும் என்றால், குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, ஈரமாகவே உள்ளே போய்ப் பிளக்கை நனைத்துவிடும். அதனால் முதலில் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் கையை வைக்க முடியாத அளவு சூடான பிறகுதான் ரப்பைத் திருப்ப வேண்டும். அதைவிட முக்கியம் நிறுத்துகிற விசயம். போய்ச் சேருகிற இடத்துக்குக் கொஞ்சத் தூரம் முன்னாலேயே திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கார்பரேற்றர் கிண்ணத்துக்குள் மண்ணெண்ணெய் நிற்கும், அடுத்த நாள் காலையில் ஸ்ராட் கைப்பிடி சுற்றிச் சுற்றித் தோள் கழன்றுவிடும். உன் அப்பப்பா பழக்கப்பட்ட ஆள் என்றால் வீட்டு ஒழுங்கை திரும்புகிற இடத்திலேயே நிறுத்தி, பொனற்றைத் திறந்து ரப்பில் கை வைத்திருப்பார்.

இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. இங்கிலாந்தில் பெர்குசன் சின்ன உழவு மெஷினில் ஒரு வகை இப்படித்தான் வந்தது, ஒரே ராங்குக்குள் சின்ன அறையில் பெற்றோல், பெரிய அறையில் மண்ணெண்ணெய்ச் சாதியிலான மலிவு எண்ணெய். என்னைப் பழக்கின முதலாளி பெர்குசன் திருத்தி வளர்ந்தவர், தடை வந்த கிழமையே அவர் காருக்கும் அதே வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டார். மண்ணெண்ணெய் வரும் செப்புக் குழாயை எக்சோஸ்ற்றுக்குப் பக்கத்தால் வளைத்துக் கொண்டுவந்தால் சூடாகி வரும் என்பதும் அவர் காட்டித்தந்தது.

எல்லாக் காரும் இதற்குச் சரிவராது. பழைய ஒஸ்ரின், மொறிஸ் எஞ்சின்கள் அமுக்கம் குறைந்தவை, சொமர்செற்றில் 7.2 க்கு 1 தான். மண்ணெண்ணெய் முன்கூட்டியே வெடித்துத் தட்டும், அப்போது டிஸ்ரிபியூற்றரைக் கையால் பிடித்துக் கொஞ்சம் பின்னுக்குத் திருப்பிவிட்டால் தட்டல் குறையும். பிறகு வந்த ஜப்பான் பெற்றோல் கார்களில் அமுக்கம் கூட, மண்ணெண்ணெய் ஊற்றினால் சம்மட்டியால் அடிக்கிற மாதிரித் தட்டும், ஏற்றத்தில் இழுக்காது. நல்ல கார்கள் எல்லாம் கொட்டிலுக்குள் நிற்க, நாற்பது வயதுக் கார்கள் றோட்டில் ஓடினது அதனால்தான். இப்போது ஆட்கள் பழைய கார் என்றால் வடிவு, அந்தக் காலத்துக் கம்பீரம் என்று படம் போடுகிறார்கள், சரி, வடிவுதான். ஆனால் வன்னியில் அவை மிஞ்சினது வடிவுக்காக இல்லை, அந்த எஞ்சின் எதைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொண்டது, எங்கள் கையில் இருந்த ஸ்பானர்களாலேயே கழற்றிப் பூட்டவும் கூடியதாக இருந்தது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எரியாத மண்ணெண்ணெய் ரிங்ஸ் வழியாக இறங்கி ஒயிலோடு கலக்கும். டிப் ஸ்ரிக்கை இழுத்துப் பார்த்தால் குறைய வேண்டிய ஒயில் கூடியிருக்கும், அப்படிக் கூடினால் பெயறிங் தேயத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். புது ஒயிலும் கிடைக்காது, கழற்றின ஒயிலைத் தெளியவிட்டுத் துணியில் வடித்துத்தான் திரும்ப ஊற்றினோம். ஆகவே உன் எஞ்சினுக்குள் தேய்மானம் இருக்கும். ஆனால் தேய்ந்தது வேறு, செத்தது வேறு. பிளக் நாலையும் கழற்றி, ஒவ்வொரு துவாரத்துக்குள்ளும் டீசலும் ஒயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றி ஒரு கிழமை விடு. பிறகு முன் பம்பர் ஓட்டையால் கைப்பிடி போட்டு மெதுவாக ஆட்டிப் பார். ஒரு நூல் அசைந்தாலும் போதும், எனக்கு எழுது. பலம் போட்டுத் திருகாதே.

விசுவமடு அக்கா

தம்பி, கார் திருத்துகிறது எனக்குத் தெரியாது, ஏறின கதை சொல்கிறேன்.

1998 டிசம்பர், எனக்கு முதல் பிள்ளை. இரவு பதினொரு மணிக்கு வலி தொடங்கிவிட்டது, புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் ஓர் ஐயா கறுப்பு மொறிஸ் மைனர் வைத்திருந்தார், என் கணவர் சைக்கிளில் ஓடிப்போய் அவரை எழுப்பினார். அந்த ஐயா சோடாப் போத்தலில் அரைவாசி பெற்றோல் ஒளித்து வைத்திருந்தாராம், பிள்ளைப்பேறு, பாம்புக்கடி, செல் விழுந்த காயம், இந்த மூன்றுக்கும் மட்டும்தான் எடுப்பாராம். கலியாணத்துக்கு யார் கேட்டாலும் கொடுத்ததில்லை என்று பிறகு அவரின் மனைவி சொன்னார்.

முன் லைற்றில் பாதிக்குக் கறுப்பு மை பூசியிருந்தது, அதையும் போடாமல் நிலவு வெளிச்சத்தில்தான் போனோம். றோட்டு எல்லாம் கிடங்கு. ஒவ்வொரு கிடங்குக்கும் அவர் "பிள்ளை, பிடிச்சுக்கொள்" என்று முன்னுக்கே சொல்லுவார், எந்தக் கிடங்கு எங்கே என்று அவருக்கு மனப்பாடம். உடையார்கட்டு தாண்டி வள்ளிபுனத்தில் கார் நின்றுவிட்டது. இவரும் என் தம்பியும் இறங்கித் தள்ள, சத்தம் கேட்டு ஒரு வீட்டுக்காரர் இரண்டு பெடியங்களோடு ஓடிவந்து தள்ளினார், அவர்கள் யார் என்று இன்றைக்கும் தெரியாது. எஞ்சின் பிடித்த அந்த நேரத்தில் வந்த புகையில் எனக்குச் சத்தியும் வந்தது, அழுகையும் வந்தது, அதோடு ஓர் ஆறுதலும் வந்தது. விடிய நாலு மணிக்குப் பெடியன் பிறந்தான்.

ஹயர்க் காசு கொடுக்கப் போக ஐயா வாங்கவில்லை. இரண்டு கிழமை கழித்து இவர் நிவாரணத்தில் வந்த மண்ணெண்ணெயில் இரண்டு போத்தல் கொண்டுபோய்க் கொடுத்தார், அதை மட்டும் வாங்கினார். 2009 க்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் யாரையும் நான் காணவில்லை. சாவி போட்டதும் பின்பக்கம் எங்கேயோ டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்குமே, உங்கள் காரிலும் அது உண்டா? எனக்கு அந்தச் சத்தம் இப்போதும் காதுக்குள் இருக்கிறது.

மல்லாவிக் கராஜ்

தங்கச்சி, அது மைனரின் மின்சாரப் பெற்றோல் பம்ப். கார்பரேற்றர் கிண்ணம் நிரம்பினதும் நின்றுவிடும், நிரம்பும் வரைக்கும் டிக் டிக். சத்தம் நிற்காமல் அடித்தால் ராங்கில் எண்ணெய் இல்லை என்று அர்த்தம், எண்ணெய் முள் வேலை செய்யாத கார்களில் நாங்கள் காதால்தான் அளந்தோம். ஆனால் பம்ப் இருந்தது பின்பக்கம் இல்லை, பொனற்றுக்குள் தான், இரவு அமைதியில் எங்கிருந்து கேட்கிறது என்று பிடிபடாது.

பரந்தன் உப்புக்காற்று

நான் இப்போது ரொறன்ரோவில். எங்கள் அப்பா பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தார், நான் சொல்வது 1983 க்கு முந்தின காலம், அதனால் என் கதையில் மண்ணெண்ணெய் இல்லை. அப்பாவின் சிநேகிதர் ஒருவரிடம் சாம்பல் நிற மைனர் இருந்தது, முன் கண்ணாடி நடுவில் கம்பி வைத்து இரண்டாகப் பிரிந்திருக்கும். 1956 க்கு முதல் வந்தவை எல்லாம் அப்படித்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். திரும்பும்போது கதவுத் தூணுக்குள் இருந்து சிவப்பாக ஒரு கைகாட்டி வெளியே எழும்பும். நாங்கள் பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்காகவே "மாமா, இந்தப் பக்கம் திரும்புங்கோ" என்று கெஞ்சுவோம்.

ஆனையிறவுப் பக்கம் போகும்போது ஒரு விளையாட்டு. அங்கே றோட்டும் தண்டவாளமும் பக்கத்துப் பக்கத்தில் போகும், இரண்டு பக்கமும் கடல்நீர், உப்பளத்து வெள்ளை, கண் கூசும். யாழ்தேவி வந்தால் மாமா அதோடு ஓடப் பார்ப்பார், முழு வேகத்தில் மிதித்தாலும் யாழ்தேவி எங்களை விட்டுவிட்டுப் போய்விடும், பெட்டிகளில் இருந்து ஆட்கள் கை காட்டுவார்கள். தெற்கே போனால் முறிகண்டிப் பிள்ளையார். எந்த வாகனமும் நிற்காமல் போகாது, லொறிக்காரர், பஸ்காரர், எந்த மதத்தவராக இருந்தாலும் இறங்கி ஒரு தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, சுடச்சுடக் கச்சான் சுருள் வாங்கிக்கொண்டுதான் ஏறுவார்கள். காருக்குள் கச்சான் கோது போட்டால் மாமாவுக்குப் பிடிக்காது, அதனால் கோதைக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் நிரப்பிக்கொண்டு வருவோம், அம்மா உடுப்புத் தோய்க்கும்போது ஏசுவார்.

2002 இல் ஏ9 திறந்த பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். பரந்தனில் எங்கள் குவாட்டேர்ஸ் நின்ற இடத்தை என்னால் அடையாளம் பிடிக்க முடியவில்லை. ஆனால் முறிகண்டியில் கச்சான் அதே ருசி.

ஒட்டுசுட்டான் ஹம்பர்

எல்லாரும் காரைப் பற்றி எழுதுகிறீர்கள், நல்ல விசயம்தான், வாசிக்க எனக்கும் நெஞ்சு நிறைகிறது. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஒழுங்கையில் கார் வைத்திருந்தவர் ஒருவரும் இல்லை, பக்கத்து ஊரில் ஒருவர். தொண்ணூறுகளின் வன்னியைச் சுமந்தது சைக்கிள்.

என் அப்பாவுக்குக் காய்ச்சல் முற்றினபோது கரியரில் தலையணை கட்டி அவரை இருத்தி, விழாமல் என் இடுப்போடு சாரத்தால் கட்டி மாங்குளம் றோட்டால் மிதித்தேன். விறகு, நெல் மூட்டை, தண்ணீர்க் கான், கூரைத்தகரம், எல்லாம் சைக்கிளில்தான். இரவில் அதே சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் மிதிக்க, டைனமோ வயரை றேடியோவில் கொழுவி, பற்றரி இல்லாத காலத்தில் பிபிசி தமிழோசை கேட்டோம். மிதிக்கிற ஆள் களைத்தால் குரல் இழுபடும், "மிதியடா, மிதியடா" என்று எல்லாரும் கத்துவார்கள், முக்கியமான செய்தி எப்போதும் அந்த நேரத்தில்தான் வரும். படிப்புக்கு ஜாம் போத்தல் விளக்கு. போத்தலுக்கு அடியில் பஞ்சு, அது நனைகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், சைக்கிள் வால்வுக் கட்டைக்குள்ளால் திரி. அந்தக் கொஞ்ச எண்ணெயில் ஒரு முழு இரவு படிக்கலாம். ஓ.எல். அதில்தான் படித்தேன்.

கார் ஓட ஊற்றின மண்ணெண்ணெய் எத்தனை வீட்டு விளக்கு என்று அந்த நாளில் எனக்குக் கோபம் வந்ததுண்டு. விசுவமடு அக்காவின் கதையை வாசித்த பிறகு அந்த ஐயாவைப் பற்றி அப்படி நினைக்க முடியவில்லை. ஆனால் தம்பி, அந்தக் காரைத் திருத்தி நிற்பாட்டும்போது பக்கத்தில் ஒரு பழைய ஹம்பர் சைக்கிளோ றலி சைக்கிளோ வைக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் ஒன்று இருக்கிறது, டைனமோவோடு. வேண்டுமானால் தருகிறேன்.

வவுனியா ஸ்பெயார்ஸ்

வேலைக்கான விசயம் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சொமர்செற்றுக்குத் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) உண்டு, மைனரில்தான் உடம்பே சேஸிஸ். அதனால் மேல் தகடு உக்கிப் போயிருந்தாலும் பயப்படவேண்டாம், கீழே படுத்துச் சேஸிஸைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள், கணீர் என்றால் நல்லது, மந்தமான சத்தம் வந்தால் அந்த இடம் உக்கல். புளியமரத்தடி என்றால் இலைச் சருகு தேங்கி நிற்கும் மூலைகளை முதலில் பாருங்கள்.

புதுப் பற்றரி போடுகிற நாளில் ஒரு விசயம் மறக்காதீர்கள். இந்தக் கார்கள் பொசிற்றிவ் ஏர்த், அதாவது இப்போதைய கார்களுக்கு எதிர்மாறாகப் பற்றரியின் பிளஸ்தான் உடம்போடு சேரவேண்டும். இப்போதைய பெடியங்கள் பழக்கத்தில் மாற்றிக் கொழுவிவிடுவார்கள், பிறகு டைனமோ சார்ஜ் பண்ணாது.

சாமான்கள் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் தேடலாம். கார்பரேற்றர் இல்லாமல் போயிருந்தால் செனித் என்று கேளுங்கள், எஸ்யூ என்று தந்தால் அது உங்களுடையது இல்லை. முக்கியமானது பதிவுப் புத்தகம். அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது, இல்லாவிட்டால் சேஸிஸ் இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரியுங்கள். இலக்கத் தகட்டைப் புதிதாக எழுதிப் போடாதீர்கள், பழைய தகடு எப்படி இருந்தாலும் அப்படியே வையுங்கள்.

வட்டக்கச்சியான்

எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். விசுவமடு அக்காவின் கதைக்கு அம்மா கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகுதான் சொன்னார், எங்கள் வீட்டிலும் அந்தப் பெற்றோல் போத்தல் சாமித்தட்டுக்குப் பின்னால்தான் இருந்ததாம், விளக்குக் கொளுத்தும்போது பயமாக இருக்கிறது என்று அம்மா சொல்லச் சொல்லவும் அப்பப்பா எடுக்கவில்லையாம், யாரும் கைவைக்காத இடம் வீட்டில் அது ஒன்றுதான் என்றாராம். கராஜ் அண்ணை சொன்னதுபோல ஒழுங்கை முடக்கில் நிறுத்துகிற பழக்கமும் இருந்திருக்கிறது. அந்தச் சத்தம் கேட்டால்தான் அம்மா அடுப்பில் தேத்தண்ணிக்கு வைப்பாராம்.

பதிவுப் புத்தகம் இருக்கிறது! 2008 இல் அம்மா உறுதிகளோடும் பிறப்புச் சான்றிதழ்களோடும் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், முகாம் வரைக்கும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார். இத்தனை வருசம் எனக்குச் சொல்லவே இல்லை.

ஹம்பர் அண்ணை, சைக்கிளைக் கட்டாயம் எடுக்க வருகிறேன், எங்கள் வீட்டிலும் அந்த ஜாம் போத்தல் விளக்கு இருந்தது.

ரப்புக்குக் கீழே செப்புக் குழாய் ஒரு சாண் மிச்சம் இருக்கிறது, எக்சோஸ்ற் பக்கம் வளைந்துதான் நிற்கிறது. பிளக் மூன்று கழன்றுவிட்டது, மூன்றிலும் கரி. நாலாவது அசையவில்லை. நீட்டுக் குழாய் போட்டுத் திருகட்டுமா?

மல்லாவிக் கராஜ்

வேண்டாம், திருகாதே, உடைந்தால் எஞ்சின் தலையைக் கழற்ற வேண்டிவரும். அதன் அடியைச் சுற்றி ஒயில் விட்டுவிட்டுச் சும்மா இரு, மற்ற மூன்று துவாரத்துக்குள்ளும் நான் சொன்னதை ஊற்று. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன், வட்டக்கச்சிச் சந்தியில் வந்து ஏற்று. அந்த ரப்பைக் கழற்றிவிடாதே தம்பி, அதை நான் ஒருக்கால் பார்க்கவேண்டும்.